10க்கு 10 அறையில் டிரம்ஸ் பதிவு: எல்லாம் சேர்த்துப் போட்டால் கிக் காணவில்லை. அவசரம்

சர்ச்_பீட்ஸ் · வெள்ளி, இரவு 10.40
வணக்கம் நண்பர்களே. வீட்டில் டிரம்ஸ் பதிவு செய்து மிக்ஸ் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) டிராக்கைத் தனியாகப் போட்டால் அருமையாக இருக்கிறது. மற்ற டிராக்குகளைச் சேர்த்துப் போட்டதும் கிக் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் இடம்) 60 ஹெர்ட்ஸை 9 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் கோன் ஆடுகிறது, சத்தம் வரவில்லை. ஞாயிறு காலைக்குள் பாட்டை இளைஞர் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். மைக்கை மாற்ற வேண்டுமா? 15,000 வரை செலவு செய்யலாம். எது வாங்குவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

மொட்டைமாடி_ஸ்டூடியோ · இரவு 10.52
எத்தனை மைக்? எங்கெங்கே வைத்தீர்கள்? என்ன இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி)? ஸ்பீக்கரில் மட்டும் காணவில்லையா, ஹெட்ஃபோனிலும் அப்படியா?

கோவை_கீபோர்டு · இரவு 10.58
ப்ரோ, பாட்டில் கீபோர்டு பேஸ் இருக்கிறதா? இடது கை கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் கிக் மூழ்கிவிடும். பேஸ் டிராக்கில் கம்ப்ரஸர் (சத்தத்தைத் தானாக இறக்குவது) போட்டு, அதை இயக்கும் சைட்செயின் இன்புட்டுக்குக் கிக்கைக் கொடுங்கள். கிக் அடிக்கும்போது மட்டும் பேஸ் 3 டெசிபல் இறங்கினால் போதும். எங்கள் ஊரில் பாதி சர்ச் பதிவுகளில் இதே தொல்லைதான்.

பழைய_டேப் · இரவு 11.05
தம்பி, மைக் வாங்குகிற யோசனையை ஓரமாக வையுங்கள். டிரம்மை டியூன் செய்தீர்களா? கிக்கின் இரண்டு தோலும் எந்த இறுக்கத்தில் இருக்கின்றன? உள்ளே தலையணை வைத்தீர்களா, முன் தோலில் ஓட்டை உண்டா? இதெல்லாம் சொல்லாமல் 60 ஹெர்ட்ஸை ஏற்றினேன், 9 டெசிபல் ஏற்றினேன் என்றால் நாங்கள் என்ன சொல்வது? இந்தக் காலத்துப் பிள்ளைகள் டிரம் கீயைத் தொடுவதற்கு முன்பே பிளக்இன்னைத் திறந்துவிடுகிறார்கள். மூலத்தில் இல்லாதது மிக்ஸில் வராது.

ரீப்பர்_பைத்தியம் · இரவு 11.09
அண்ணா, தனியாகப் போட்டால் அருமையாக இருக்கிறது என்று அவர் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் மூலத்தில் இருக்கிறது. சேர்க்கும்போதுதான் போகிறது.

சர்ச்_பீட்ஸ் · இரவு 11.21
4 மைக். கிக் உள்ளே ஒன்று, ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) மேலே எஸ்எம்57 மைக், ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே உயரத்தில் வைப்பது) இரண்டு. இன்டர்ஃபேஸில் 4 இன்புட் இருக்கிறது. ரீப்பர் மென்பொருளில்தான் செய்கிறேன். ஹெட்ஃபோனில் கிக் மெலிசாக ‘டக் டக்’ என்று கேட்கிறது, ஸ்பீக்கரில் அதுவும் இல்லை. அறை 10க்கு 10. நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சுவர் முழுக்க முட்டை ட்ரே ஒட்டியிருக்கிறேன், அதனால் அறை பிரச்சினை இருக்காது. கீபோர்டு பேஸ் உண்டு, ம்யூட் செய்தாலும் அப்படியேதான். கிக்கில் தலையணை இருக்கிறது.

மொட்டைமாடி_ஸ்டூடியோ · இரவு 11.38
அறைதான் முதல் சந்தேகமே. கூரை உயரம் எவ்வளவு? நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அதுவும் 10 அடிதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் ஒலிக்கு இருப்பதிலேயே மோசமான அறை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 அடி என்றால் 3.05 மீட்டர். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே எழும் முதல் நிலையலை 343ஐ 6.1 ஆல் வகுத்தால் வரும், ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். உங்கள் அறையில் மூன்று திசையிலும் அதே 56தான். அந்த அலையின் அழுத்தம் சுவர் ஓரத்தில் உச்சத்தில் இருக்கும், சரியாக நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். நீங்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதான். கோன் ஆடுகிறது, சத்தம் வரவில்லை என்று எழுதினீர்களே, அதற்கு அர்த்தம் இதுதான். கிக்கின் அடி ஒலி பெரும்பாலும் 50 முதல் 70க்குள் இருக்கும். எழுந்து அறை மூலைக்குப் போய் நின்று கேளுங்கள். கிக் இடி மாதிரி விழுந்தால் நான் சொல்வது சரி.

சால்டர்_வாசனை · இரவு 11.50
அறைக் கணக்கு சரிதான். ஆனால் ஹெட்ஃபோனிலும் மெலிசாகத்தான் கேட்கிறது என்கிறாரே. ஹெட்ஃபோனுக்கு அறை கிடையாது. கோன் ஆடுவது கீபோர்டு பேஸாலும் இருக்கலாம்.

இது பொலாரிட்டி (அலை நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்பது) பிரச்சினை. கிக் மைக் ஒரு பக்கம் தள்ளும்போது ஓவர்ஹெட் எதிர்ப்பக்கம் இழுக்கிறது, சேர்த்தால் கீழ் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது மேலே இருக்கும் ‘டக்’ மட்டும். ரீப்பரில் கிக் டிராக்கில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும். எல்லா டிராக்கும் ஓடும்போதே அதை அழுத்திப் பாருங்கள். அடிப்பகுதி தடித்து வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மாஸ்டரில் ஏற்றிய 9 டெசிபலை முதலில் எடுத்துவிடுங்கள். வெட்டுப்பட்டுப் போன அலையை அங்கே எவ்வளவு ஏற்றினாலும் திரும்பி வராது.

அப்புறம் ஒரு கேள்வி. கேபிள்கள் கடையில் வாங்கியவையா, யாராவது சால்டர் செய்து கொடுத்தவையா?

பழைய_டேப் · இரவு 11.58
ஓவர்ஹெட்டை எங்கே வைத்தார் என்று யாருமே கேட்கவில்லை. 1960களின் கடைசியில் லண்டனில் ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸ் மூன்று நான்கு மைக்கை வைத்துக்கொண்டு எடுத்த டிரம்ஸை இன்றைக்கும் கேட்கலாம். ஒரு மைக் ஸ்நேருக்கு நேர் மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டிரம்) பக்கம், இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரம். ஒரு நூலை எடுத்து ஸ்நேர் நடுவில் ஒரு முனையைப் பிடித்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் பட்டனை அழுத்தி என்ன பயன்?

சால்டர்_வாசனை · காலை 12.06
அளப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அது ஸ்நேருக்கான அளவு, கிக்குக்கு வேறு கணக்கு. கிக் மைக்குக்கும் ஓவர்ஹெட்டுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் என்றால் ஓவர்ஹெட்டுக்கு ஒலி ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதமாகப் போகும். 60 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய 16.7 மில்லிசெகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தால் மட்டும் கிக் இவ்வளவு காணாமல் போகாது. தலைகீழாக இருந்தால்தான் போகும். அவர் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டார், ஞாயிறு கெடு வேறு. இந்த நேரத்தில் மைக்கை நகர்த்தச் சொல்லி என்ன செய்வது?

ரீப்பர்_பைத்தியம் · காலை 12.15
கண்ணாலேயே பார்த்துவிடலாம். பாட்டு தொடங்குகிற இடத்தில் கிக் மட்டும் தனியாக விழும் ஓர் அடியைப் பிடியுங்கள். ஒரு மில்லிசெகண்ட் கூட விரல் அகலத்துக்குத் தெரிகிற அளவு ஜூம் செய்யுங்கள். கிக் டிராக்கில் முதல் வளைவு மேலே எழுகிறதா, கீழே இறங்குகிறதா? சற்றுத் தள்ளி ஓவர்ஹெட்டில் அதே அடி எப்படித் தொடங்குகிறது? கேபிள் சரியாக இருந்தாலும் இரண்டும் எதிரெதிராக வரலாம், ஏனென்றால் கிக் மைக்கை நோக்கித் தோல் வருகிறது, மேலே இருக்கும் மைக்குக்கு அப்படியில்லை. அதனால் கடைசித் தீர்ப்பைக் காதுதான் சொல்ல வேண்டும். படம் சந்தேகம் தீர்க்க உதவும்.

ஒலிப்பித்தன் · காலை 12.31
தாமதமாக வருகிறேன். எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இளைஞர் குழுவுக்கு அனுப்பினால் அவர்கள் கேட்கப்போவது வாட்ஸ்அப்பில், போன் ஸ்பீக்கரில். அதில் 60 ஹெர்ட்ஸ் வரவே வராது. கிக் இருப்பதைப் போனில் சொல்வது பீட்டர் (மிதிக்கும்போது வந்து அடிக்கும் சுத்தி) தோலில் படும் ‘டக்’தான். அது 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். அங்கே ஒரு 3 டெசிபல் ஏற்றி, 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அட்டைப்பெட்டி ஓசையைக் கொஞ்சம் வெட்டுங்கள். கம்ப்ரஸர் போட்டால் அட்டாக்கை (அது சத்தத்தை இறக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) 20 மில்லிசெகண்ட் பக்கம் வையுங்கள். வேகமாக வைத்தால் அந்த ‘டக்’கையே நசுக்கிவிடும்.

முட்டை ட்ரே பற்றி: தம்பி, அதைக் கழற்றிவிடுங்கள். மெல்லிய காகிதக்கூழ் அட்டை அது. மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் குறைக்கும், பேஸைத் தொடவே தொடாது. சத்தம் வெளியே போவதையும் தடுக்காது. தீப்பிடித்தால் நொடியில் பரவும்.

கோவை_கீபோர்டு · காலை 12.40
முட்டை ட்ரே ஒன்றுக்கும் ஆகாது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நான் ஒட்டிய பிறகு எதிரொலி குறைந்தது உண்மை. கைதட்டினாலே வித்தியாசம் தெரிகிறது. காசில்லாதவன் வேறு என்ன செய்வான்?

ஒலிப்பித்தன் · காலை 12.52
கைதட்டல் மேல் ஸ்தாயி ஒலி, அதனால் வித்தியாசம் தெரியும். அதுதான் ஆபத்தும். மேலே இருப்பது மட்டும் அடங்கி கீழே இருப்பது அப்படியே நிற்கும்போது அறை முன்பைவிட மொத்தையாகிவிடும். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டருக்கு மேல். அதற்கு இரண்டு விரல் தடிமனுள்ள அட்டை என்ன செய்யும்? காசில்லை என்றால் வீட்டில் கிடக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்துங்கள். ட்ரேயைவிட எத்தனையோ மேல்.

கோவை_கீபோர்டு · காலை 12.57
இலவம்பஞ்சு மட்டும் தீப்பிடிக்காதா?

ஒலிப்பித்தன் · காலை 1.03
பிடிக்கும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மெத்தையும், நான்கு சுவரிலும் கூரையிலும் வயரிங்கை ஒட்டி ஒட்டிய காய்ந்த காகிதமும் ஒன்றல்ல. செலவு செய்ய முடிகிறவர்கள் ராக்வூல் ஸ்லாப் (பாறை நார்ப் பலகை) வாங்கலாம். அது எரியாது. 4 அங்குலத் தடிமன், மரச்சட்டத்தில் வைத்துத் துணியால் மூடி நான்கு மூலையிலும் நிறுத்த வேண்டும், சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு. வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், தூள் தோலிலும் தொண்டையிலும் அரிக்கும். அதுவும் 56ஐ முழுக்க அடக்காது, 100க்கு மேல் நன்றாக வேலை செய்யும்.

மொட்டைமாடி_ஸ்டூடியோ · காலை 1.10
பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காமல் இருப்பது வேறு, அறைக்குள் ஒலி தெளிவாக இருப்பது வேறு. முதலாவதற்குக் கனம் வேண்டும், காற்று போகும் இடைவெளி அடைபட வேண்டும். கதவின் கீழ் சந்து திறந்திருந்தால் சுவரில் எதை ஒட்டினாலும் வீண். ராக்வூல் இரண்டாவதற்குத்தான். இந்தக் குழப்பத்தால் பணத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய_டேப் · காலை 7.15
இரவு முழுவதும் மெத்தையைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். டியூனிங் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சர்ச்_பீட்ஸ் · சனி, காலை 9.30
கேபிள் ஒரு நண்பர் சால்டர் செய்து கொடுத்தது. கூரையும் 10 அடிதான். மூலையில் நின்றால் கீபோர்டு பேஸ் பயங்கரமாகக் கேட்கிறது. கிக் அங்கேயும் அவ்வளவாக இல்லை. பட்டனை அழுத்தினேன், கிக் வந்துவிட்டது!! ஆனால் அது ஏன் என்று புரியவில்லை. டி112 மைக் வாங்கிவிடட்டுமா?

சால்டர்_வாசனை · காலை 9.44
எதுவும் வாங்காதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ‘பீப்’ அடிக்கும் நிலை) வைத்து எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக்) கேபிளின் இரண்டு முனையையும் சோதியுங்கள். ஒவ்வொரு பின்னுக்குப் பக்கத்திலும் 1, 2, 3 என்று சின்னதாக எண் போட்டிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஆண் முனையில் எண்கள் இருக்கும் வரிசை பெண் முனையில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறி இருக்கும். சால்டர் செய்பவர்கள் ஏமாறுவது அங்கேதான். 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 ‘பீப்’ அடிக்க வேண்டும். 2ஐத் தொட்டால் மறுமுனையில் 3 கூவினால் கேபிள் தலைகீழ். 1 தரை, 2 நேர், 3 எதிர். 2, 3 மாறினாலும் மைக் வேலை செய்யும், ஒலி கேட்கும், தனியாகக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமாகிறது.

மீட்டர் கிடைக்காவிட்டால்: கிக் மைக்கையும் எஸ்எம்57ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே திசையில் திருப்பி, முன்னால் ஒரு முறை கைதட்டிப் பதிவு செய்யுங்கள். இரண்டு அலையும் ஒரே பக்கம் தொடங்க வேண்டும்.

ரீப்பர்_பைத்தியம் · காலை 9.58
டி112 நல்ல மைக்தான், கிக்குக்கென்றே செய்தது. ஆனால் தனியாகக் கேட்கும்போது அருமை என்று நீங்களே சொல்லும் மைக்கை ஏன் மாற்ற வேண்டும்? 15,000ஐ அறைக்குப் போடுங்கள். பட்டன் அழுத்தியும் ஸ்பீக்கரில் குறையும், அந்த 56 எங்கும் போகவில்லை. மேசையை நடுவிலிருந்து எடுங்கள். ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அந்தச் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி காது வருமாறு வைத்துப் பாருங்கள். உங்கள் அறைக்கு 3 அடி 10 அங்குலம் போல வரும். அது தொடங்கும் இடம்தான், அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள்.

பழைய_டேப் · காலை 10.20
பொலாரிட்டி என்று தெரிந்துவிட்டது, சரி. ஆனாலும் பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு மைக்கையும் மற்றதோடு சேர்த்துக் கேட்டிருந்தால் இந்த நிலையே வந்திருக்காது. தனித்தனியாகக் கேட்டு அழகு பார்ப்பதுதான் வீட்டு ஸ்டூடியோக்காரர்களின் வியாதி. டியூனிங்கையும் பாருங்கள். கிக்கின் அடி ஒலி அறையின் 56 மேலேயே விழுந்தால் எங்கே உட்கார்ந்தாலும் சமமாகக் கேட்காது. தோலைக் கொஞ்சம் இறுக்கி 65 பக்கம் கொண்டுபோங்கள்.

மொட்டைமாடி_ஸ்டூடியோ · காலை 10.31
கடைசியாகச் சொன்னது நல்ல யோசனை அண்ணா. இதை நேற்றே சொல்லியிருக்கலாம்.

சர்ச்_பீட்ஸ் · ஞாயிறு, மாலை 6.05
கேபிள்தான். 2ம் 3ம் மாறியிருந்தன, கழற்றி மாற்றிப் பற்ற வைத்தாயிற்று. பாட்டு போய்விட்டது, போனிலும் கிக் கேட்கிறது. மேசையைச் சுவர்ப்பக்கம் நகர்த்தினேன். எல்லோருக்கும் நன்றி.

சால்டர்_வாசனை · மாலை 6.20
நண்பர் செய்து கொடுத்த மற்ற மூன்று கேபிளையும் மீட்டரில் சோதியுங்கள், முக்கியமாக ஓவர்ஹெட் இரண்டையும். கிக் டிராக்கில் அழுத்திய பட்டன் இந்தப் பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும், இது பழைய கேபிளில் எடுத்த பதிவு. டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்திருந்தால் அதில் மட்டும் எடுத்துவிடுங்கள். புதுப் பதிவில் அது அழுத்தியபடியே இருந்தால் கிக் மறுபடியும் போய்விடும்.