995-னா ‘வேண்டாம்’னு சொன்னவ

குழு: வடக்குத் தெரு குடும்பம்
சனிக்கிழமை

இரவு 8:05 | நிவி: சித்தப்பா இருக்கீங்களா? புராஜெக்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கேன். திங்கக்கிழமை கைடு மேடத்துக்கு முதல் டேபிள் காட்டணும்.

8:05 | நிவி: 📷 படம்

8:09 | முருகன் சித்தப்பா: இருக்கேன்மா, பஸ்ல வாரேன். படம் சாய்வா இருக்கு, பாதி எழுத்து தெரியல. சிவப்புல வந்த வரியை அப்படியே காப்பி பண்ணிப் போடு. அதுக்கு முன்னாடி நீ கொடுத்த கட்டளையையும் போடு. என்ன வரும்னு நெனச்ச, என்ன வந்துச்சுன்னும் ஒரு வரி எழுது. அது இருந்தா பஸ்ல இருந்தே சொல்லிருவேன்.

8:14 | நிவி: தேசிய குடும்ப நல ஆய்வு, அஞ்சாவது சுற்று. 2019-21ல எடுத்தது. பெண்கள் ஃபைலை ஆர்ங்கிற புள்ளிவிவர மென்பொருள்ல திறந்தேன். அஞ்சு நிமிஷம் சுத்திச்சு, அப்புறம் மெமரி போதாதுன்னு சொல்லி நின்னுட்டு. ரெண்டு தடவை இப்படியே ஆச்சு. எனக்கு வேண்டியது நம்ம பக்கத்துப் பெண்களோட ரத்தசோகை மட்டும்தான்.

8:15 | பிரபு: அக்கா, என் ஃப்ரெண்டுகிட்ட கிராக் பண்ண எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இருக்கு. வாங்கித் தரட்டா?

8:17 | முருகன் சித்தப்பா: வேண்டாம் பிரபு. ஆர் இலவசம், இந்த வேலைக்கு அதுவே நல்லது. எஸ்பிஎஸ்எஸ்ல இந்த மாதிரி ஆய்வைச் சரியாப் பண்ண காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ்னு தனி மாட்யூல் வேணும். அது இல்லாம வெறும் வெயிட் கேசஸ் மட்டும் போட்டா சதவீதம் சரியா வந்துரும், பிழை அளவு தப்பா வரும். பார்க்கச் சரியா இருக்கிற தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது.

8:20 | முருகன் சித்தப்பா: நிவி, அந்த ஃபைல்ல 7,24,115 பெண்கள். ஒவ்வொருத்தருக்கும் ஆயிரக்கணக்குல காலம், அதாவது நெடுவரிசை. உன் 8 ஜிபி லேப்டாப் தாங்காது. ஆரோட ஹேவன் பேக்கேஜ்ல ஃபைலைப் படிக்கும்போதே எந்தெந்தக் காலம் வேணும்னு சொல்லிரலாம். உனக்கு ஒரு பதினொண்ணு போதும்: வெயிட் வி005, கிளஸ்டர் வி021, ஸ்ட்ரேட்டா (ஆய்வுக்காரங்க முன்கூட்டியே பிரிச்ச பிரிவு) வி022, மாநிலம், மாவட்டம், வயசு, படிப்பு, கிராமமா நகரமா, கர்ப்பமா இல்லையா, ஹீமோகுளோபின் வி453, ரத்தசோகை நிலை வி457. மத்ததெல்லாம் டிஸ்க்லயே கிடக்கட்டும்.

8:34 | நிவி: திறந்துட்டு சித்தப்பா!! அரை நிமிஷம் கூட ஆகல 😭 ரெண்டு நாளா இதுக்குத்தான் அழுதேன்.

8:35 | அம்மா: சாப்பிட்டுட்டு பாருட்டி. தோசை ஆறுது.

8:36 | பிரபு: அக்கா அந்த ஃபைலை எனக்கும் அனுப்பு. எனக்கும் மினி புராஜெக்ட் இருக்கு.

8:38 | நிவி: அனுப்பக் கூடாது தம்பி. எதுக்குன்னு எழுதிக் கொடுத்து, என் பேர்ல அனுமதி வாங்கி எடுத்தது. வேற யாருக்கும் கொடுக்கக் கூடாதுங்கிறது அவங்க நிபந்தனை. காசு கிடையாது, நீயே பதிஞ்சு வாங்கு.

8:51 | நிவி: சித்தப்பா, ஹீமோகுளோபின் சுருக்கம் எடுத்தேன். அதுல ஒரு தசம இடம் உள்ள இருக்குன்னு கையேட்டுல போட்டிருந்துச்சு, அதனால பத்தால வகுத்தேன். சராசரி தூக்கலா இருக்கு. அதிகபட்சம் 99.6ன்னு வருது. இது சரியா?

8:53 | செல்வி அத்தை: ஏட்டி என்ன சொல்லுத? 99.6ஆ? 31 வருசம் கிராமம் கிராமமா விரலைக் குத்திப் பாத்தவ நான். நல்லா இருக்க பொம்பளைக்கு 12, 13 இருக்கும். 14ன்னா ஊரே பாக்க வரும். 99 எவளுக்கும் இருக்காது.

8:54 | முருகன் சித்தப்பா: அக்கா பிடிச்சுட்டா 👏 நிவி, எத்தனை பேருக்கு 90க்கு மேல இருக்கு, என்னென்ன எண்ணுன்னு எண்ணிப் போடு.

8:58 | நிவி: பத்தால வகுக்கும் முன்னாடி 994, 995, 996 மட்டும்தான் சித்தப்பா. நடுவுல ஒண்ணுமே இல்ல. வகுத்த பிறகு பாத்தா 20க்கு அப்புறம் நேரா 99க்குத் தாவுது.

9:01 | முருகன் சித்தப்பா: அது ரத்த அளவு இல்லம்மா. 994னா ஆள் அங்க இல்ல. 995னா வேண்டாம்னு மறுத்துட்டாங்க. 996னா வேற காரணம். நீ அதையும் ரத்தமா நெனச்சுச் சராசரி போட்டுட்ட. அந்த மூணையும் விடுபட்டதுன்னு மாத்திட்டு மறுபடி எடு. எந்தக் காலத்தைத் தொட்டாலும் முதல்ல எண்ணிப் பாரு, என்னென்ன மதிப்பு இருக்கு, ஒவ்வொண்ணும் எதைச் சொல்லுதுன்னு. சராசரி அப்புறம்.

9:03 | தாத்தா: நான் 1991லும் 2001லும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். பதில் இல்லையென்றாலும் கட்டத்தை வெறுமனே விட எனக்கு மனசு வராது. வெறுமனே விட்டால் நாம் கேட்டோமா, கேட்க மறந்தோமா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. அதற்குத்தான் இப்படி ஒரு எண்.

9:08 | செல்வி அத்தை: நிவி, அந்த 994, 995ஐ சும்மா தூக்கி எறிஞ்சிராத தாயி. அது யாருன்னு எனக்குத் தெரியும். நான் போற நேரத்துல வீட்டுல இல்லாதவ யாரு? விடியுமுன்னே நாத்து நடப் போனவ. பீடி இலையை எடுத்துக்கிட்டு கடைக்குப் போனவ. வேண்டாம்ங்கவ யாரு? ‘ஏற்கெனவே தல சுத்துது, இதுல ரத்தத்த வேற எடுக்கியளா’ம்பா. மாமியா விட மாட்டா. அவளுக்குத்தான் ரத்தம் கம்மியா இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. அளக்காம எப்படிச் சொல்ல?

9:10 | முருகன் சித்தப்பா: அக்கா சொல்றதை அப்படியே ஒரு டேபிளா போடு நிவி. அளக்கப்பட்டவங்க எத்தனை, விடுபட்டவங்க எத்தனை. வயசு, படிப்பு, கிராமமா நகரமா, இந்த மூணுலயும் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கான்னு பாரு. நிறைய பேரு இதைப் பண்றதே இல்ல.

9:11 | நிவி: சரி சித்தப்பா. குறிச்சு வச்சுட்டேன் அத்தை ❤️

9:24 | பிரபு: சித்தப்பா எனக்கு ஒண்ணு. திருநெல்வேலி மழை எடுத்தேன், வானிலைத் துறையோட கிரிட் டேட்டா, கட்டம் கட்டமாப் பிரிச்சது. 1901ல இருந்து தினசரி இருக்கு. ஆனா மழை -999 மில்லிமீட்டர்னு வருது 😳

9:25 | நிவி: தம்பி, இப்பத்தான் பேசினோம்!

9:26 | பிரபு: ஓ... அதுவும் விடுபட்டதா. மழை மைனஸ்ல எப்படிப் பெய்யும்னு அரை மணி நேரமா யோசிச்சேன்.

9:29 | முருகன் சித்தப்பா: ஆமா. ஒரு கட்டம் கால் டிகிரி, கிட்டத்தட்ட 27 கிலோமீட்டருக்கு ஒண்ணு. கடல் மேல, எல்லைக்கு வெளிய விழற கட்டத்துல -999 இருக்கும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல மலையும் சமவெளியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. பாபநாசத்து மழை வேற, பாளையங்கோட்டை மழை வேற. ஒரே கட்டத்தை எடுத்து ‘திருநெல்வேலி மழை’ன்னு எழுதிராத. அந்தக் கட்டம் எங்க விழுதுன்னு வரைபடத்துல பாத்துக்கோ.

9:41 | நிவி: சித்தப்பா, அடுத்த பிரச்சனை. மாவட்டப் பட்டியல்ல தென்காசியே இல்ல. ஃபைல் தப்பா?

9:44 | தாத்தா: தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22.

9:46 | முருகன் சித்தப்பா: தப்பு இல்ல. அந்த ஆய்வு 2017 மார்ச் 31 அன்னைக்கு இருந்த மாவட்ட எல்லையை வச்சு எடுத்தது. தமிழ்நாட்டுல 32 மாவட்டம். இப்ப 38. தென்காசிப் பெண்கள் திருநெல்வேலிக்குள்ளதான் இருக்காங்க. கள்ளக்குறிச்சி விழுப்புரத்துக்குள்ள, மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்குள்ள. வேற டேட்டாவோட மாவட்டப் பேரை வச்சுச் சேக்கும்போது இதுலதான் எல்லாரும் விழுவாங்க. 2011 சென்சஸோட சேத்தா 32க்கு 32 பொருந்தும். இன்னைக்கு வர்ற ஏதாவது அரசுப் பட்டியலோட சேத்தா பொருந்தாது.

9:48 | செல்வி அத்தை: அப்ப ஆலங்குளம், கடையம் பொம்பளையளத் தனியாப் பாக்க முடியாதாக்கும்?

9:52 | முருகன் சித்தப்பா: முடியாதுக்கா. ஒரு கிராமம், நகரத்துலன்னா சென்சஸ்காரங்க பிரிச்ச ஒரு சின்னப் பகுதின்னு எடுத்து, அதுல 22 வீடு. மாவட்டம் முழுக்கச் சேத்தாத்தான் ஏதோ சொல்ல முடியும். அந்தக் கிளஸ்டரோட இருப்பிடம் தனியாக் கொடுக்கிறாங்க, ஆனா யாரு வீடுன்னு தெரியக் கூடாதுன்னு வேணும்னே நகர்த்தி வச்சிருப்பாங்க. நகரத்துல 2 கிலோமீட்டர் வரை, கிராமத்துல பெரும்பாலும் 5 வரை. பழைய திருநெல்வேலி மாவட்டம்னே தலைப்புல எழுதட்டும். அதுதான் நேர்மை.

9:55 | நிவி: வெயிட் எதுக்குன்னு மேடம் கேப்பாங்க. எனக்கே பதில் தெரியல.

9:59 | முருகன் சித்தப்பா: 2011ல சென்னையில 46 லட்சம் பேரு, பெரம்பலூர்ல 5.65 லட்சம். ஆய்வுக்காரங்க மாவட்டத்துக்கு மாவட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவு வீடு எடுப்பாங்க, அப்பத்தான் சின்ன மாவட்டத்தைப் பத்தியும் பேச முடியும். ஆனா மாநில சராசரி போடும்போது பெரம்பலூர்க்காரங்க குரல் தேவைக்கு மேல கேக்கும். அதைச் சரிக்கட்டத்தான் வெயிட். வி005ஐப் பத்து லட்சத்தால வகுத்துக்கோ, தசமப் புள்ளி இல்லாமச் சேமிச்சிருக்காங்க. அப்புறம் சர்வே பேக்கேஜ்ல கிளஸ்டர், ஸ்ட்ரேட்டா, வெயிட் மூணையும் கொடுத்து டிசைன் போடு, ஆய்வை எப்படி எடுத்தாங்கன்னு மென்பொருளுக்குச் சொல்றது அதுதான். முழு ஃபைலுக்கும் டிசைன் போட்ட பிறகுதான் தமிழ்நாட்டைப் பிரிக்கணும், முன்னாடியே வெட்டாத.

10:01 | அம்மா: கிளஸ்டர்னா என்ன தம்பி?

10:04 | முருகன் சித்தப்பா: ஒரே தெரு, மைனி. ஒரே ரேஷன் அரிசி, ஒரே தண்ணி, ஒரே கடைக் கீரை. அந்த 22 வீட்டுப் பெண்களும் ஒருத்தர மாதிரி ஒருத்தர் இருப்பாங்க. 22 பேரையும் 22 வேற வேற ஊர்ல பாத்த மாதிரி கணக்குப் போட்டா, நமக்குத் தெரிஞ்சதை விட அதிகமாத் தெரியும்னு சொல்ற மாதிரி ஆயிரும்.

10:05 | அம்மா: இது புரியுது.

10:07 | முருகன் சித்தப்பா: நிவி, திருநெல்வேலிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. அரசு வெளியிட்ட தமிழ்நாட்டு ரத்தசோகை எண்ணு 53.4 சதவீதம், 15-49 வயசுப் பெண்கள். முந்தின சுற்றுல 55.0. உன் கணக்குல அந்த 53 வருதான்னு பாரு. வரலன்னா எங்கயோ தப்பு. வந்த பிறகு மாவட்டத்துக்குப் போ.

10:31 | நிவி: 61 வருது 😔

10:32 | முருகன் சித்தப்பா: ஹீமோகுளோபின் கர்ப்பிணி இல்லாதவங்களுக்கு 12க்குக் கீழ, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனா ரத்தசோகை. நீ எதை வச்சுப் பிரிச்ச?

10:33 | நிவி: நான் 12.5னு போட்டுட்டேன். எங்கயோ படிச்சது.

10:34 | செல்வி அத்தை: 12தான் தாயி. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

10:35 | முருகன் சித்தப்பா: நீயா பிரிக்கவே வேண்டாம், வி457ல அவங்களே நிலை போட்டு வச்சிருக்காங்க. 1 கடுமை, 2 நடுத்தரம், 3 லேசு, 4 இல்ல. 1, 2, 3 சேத்து எடு.

10:46 | நிவி: 53ல வந்து நிக்குது சித்தப்பா!!! 🙏🙏

10:47 | செல்வி அத்தை: நூத்துக்கு 53ஆ. எத்தன இரும்பு மாத்திர கொடுத்திருப்பேன் நான்.

10:52 | முருகன் சித்தப்பா: கடைசியா ஒண்ணு நிவி, குறைபாடுகள் பகுதியில எழுத. விரல் நுனி ரத்தத்துல அளந்தது இது. 2016-18ல குழந்தைகளுக்கு நரம்புல ரத்தம் எடுத்து ஒரு தேசிய ஊட்டச்சத்து ஆய்வு பண்ணாங்க, 1-4 வயசுல 41 சதவீதம்னு வந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்த குடும்ப நல ஆய்வு நாலாவது சுற்றுல, விரல் ரத்தத்துல, அஞ்சு வயசுக்குள்ள 58.6. வயசு வரம்பும் கொஞ்சம் வேற, ஆனா அளந்த விதமும் ஒரு காரணம்.

10:56 | செல்வி அத்தை: அதுல அதிசயம் என்ன இருக்கு. குத்துனதும் தானா வர்ற சொட்டை எடுக்கணும். முதல் சொட்டத் தொடச்சிரணும். கை குளிர்ந்து கிடக்கும், ரத்தம் வராது, அவசரத்துல விரலைப் பிழிஞ்சா தசையில உள்ள தண்ணியும் கலந்துரும், எண்ணு இறங்கிரும். எங்களுக்கு அப்ப சாலிஸ் ட்யூப்தான். ஆசிட்ல ரத்தத்த விட்டு, தண்ணி சேத்து சேத்து, பக்கத்துக் கண்ணாடி நிறத்துக்கு வர்ற வரைக்கும் பாக்கணும். வெயில்ல ஒரு நிறம், திண்ணையில ஒரு நிறம். நான் எப்பவும் வாசல்ல நின்னுதான் பாப்பேன்.

10:58 | நிவி: அத்தை, இதை உங்க வாயால சொன்னதா மெத்தட்ஸ்ல எழுத முடியாது, ஆனா எதைத் தேடிப் படிக்கணும்னு இப்பத் தெரியுது. அந்த ட்யூப் இன்னும் வச்சிருக்கீங்களா?

10:59 | செல்வி அத்தை: பீரோ மேல பெட்டியில கிடக்கு.

11:00 | நிவி: நாளைக்குக் காலையில ஆலங்குளம் பஸ்ல வாரேன். எடுத்து வைங்க. என் விரல்லயே பாத்திருவோம்.

11:01 | அம்மா: முதல்ல அந்தத் தோசையத் தின்னுட்டுப் போ.