லேன் மாறியவர்களால் கண்முன் நடந்தது: பார்த்ததைப் பகிருங்கள்

கியர்பாக்ஸ்:
80-ல் வந்த லோடு லாரிக்கு முன்னால், 10 மீட்டர் இடைவெளியில், அதே வேகத்தில் ஒரு கார் நுழைந்தது. 80 என்றால் நொடிக்கு 22 மீட்டர். 2 நொடி இடைவெளிக்கு 44 மீட்டர் வேண்டும். லாரிக்காரருக்குக் கிடைத்தது அரை நொடிகூட இல்லை. அவர் பிரேக்கில் கால் வைத்தார், பின்னால் வந்தவர் இன்னும் அழுத்தினார், ஐந்தாவது வண்டி டயர் கிறீச்சிட ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. நுழைந்த கார் அதற்குள் அடுத்த லேனுக்குத் தாவிவிட்டது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. அதுதான் உறுத்துகிறது.

பின்கண்ணாடி:
அந்த பிரேக் அலை, மோதல் இல்லாமலே சாலையை அடைத்துவிடும். 2008-ல் வெளியான ஜப்பான் சோதனையில் 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 கார்கள். தடங்கல் எதுவும் இல்லை, தானாகவே நெரிசல் உண்டானது. இத்தனைக்கும் அங்கே லேன் மாற இடமே கிடையாது.

ஆனால் வேகமான லேனுக்குள் மெதுவாக நுழைவது இதைவிட மோசம். 80-ல் ஒரு வேன் அந்த லேனுக்குள் வந்தது. பின்னால் 120-ல் கார். வித்தியாசம் நொடிக்கு 11 மீட்டர். 60 மீட்டர் இடைவெளி ஐந்தரை நொடியில் காலி. லேன் மாறவே 4, 5 நொடி ஆகும். குவிந்த பக்கக் கண்ணாடி வேறு, வண்டியை இன்னும் தள்ளிக் காட்டும். பிரேக் பிடித்த வேகத்தில் காரின் மூக்கு தரையை நோக்கிக் குத்தியது கண்ணிலேயே நிற்கிறது.

ஒற்றைவழி:
இருவரும் நுழைகிறவரையே குறை சொல்கிறீர்கள். நுழைய விடாதவர்? சாலை வேலையால் ஒரு லேன் முடிகிற இடம். யாரும் முன்னே போகக் கூடாதென்று ஒரு பஸ் கோட்டின் மேலேயே ஊர்ந்தது. பக்கத்து லேன் காலியாகக் கிடக்க, வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது. ஊர்ந்து போகும்போது இரு லேனிலும் முனைவரை வந்து, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்வதே சரி. வேகமாக ஓடும்போதுதான் முன்கூட்டியே சேர வேண்டும்.

டாப்கியர்:
ஒரு காரின் பக்கக் கண்ணாடி பைக்கின் ஹேண்டில்பாரை உரசியது. பைக் இருந்தது கண்ணாடியில் தெரியாத மூலையில். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: முதலில் உள்கண்ணாடி, பிறகு பக்கக் கண்ணாடி. இரண்டு நொடி விட்டு மறுபடி பாருங்கள். பின்னால் உள்ள வண்டி பெரிதாகியிருந்தால் அதைப் போக விடுங்கள். இண்டிகேட்டர் மூன்று, நான்கு முறை மின்னட்டும். தோளுக்கு மேலாக ஒரு பார்வை. அதன் பிறகே ஸ்டியரிங். பிரேக் பிடித்துக்கொண்டே நுழையாதீர்கள், புது லேனின் வேகத்துக்கு முதலில் வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு லேன்தான். முந்திய பிறகு, அந்த வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் உள்கண்ணாடியில் முழுதாகத் தெரிந்தால்தான் பழைய லேனுக்குத் திரும்ப வேண்டும். லாரி என்றால் இன்னும் தள்ளிப் போய்த் திரும்புங்கள். லோடு வண்டி உடனே நிற்காது.