எருமைப்பாவல் பூவில் வயிற்றைத் தேய்க்கும் கறுப்புத் தேனீ: இது என்ன இனம்?

பந்தலூர் தேயிலைக்காரி

வணக்கம். பந்தலூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஆனி மழை பிடித்ததும் வேலியோரத்துக் கிழங்கிலிருந்து ஒரு பாகல்கொடி தானாகத் துளிர்த்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிவிடும். நாங்கள் காட்டுப்பாகல் என்போம், பக்கத்து வீட்டு மலையாளி சேச்சி எருமைப்பாவல் என்பார். பிஞ்சுக் காயைப் பறித்து மாமியார் பொரியல் செய்வார்.

பத்து நாளாக அந்தப் பூவுக்கு ஒரு தேனீ வருகிறது. காலை ஏழரை மணிக்கு, மழை கொஞ்சம் விட்டால் போதும், வந்துவிடும். அடுக்குத்தேனீயை விடச் சற்றுச் சிறியது. கறுப்பு உடம்பு, வயிற்றின் பக்கவாட்டில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். இது பூவில் வாய் வைத்து உறிஞ்சுவதே இல்லை. காலை அகட்டிக்கொண்டு, வயிற்றை இதழின் அடிப்பக்கத்தில் அழுத்தி, அம்மியில் குழவியை இழுப்பது போல முன்னும் பின்னும் தேய்க்கிறது. அப்புறம் பின்கால்களால் வயிற்றை வழித்துக்கொள்கிறது. அந்தக் கால்மயிர் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடி மாதிரி பளபளக்கிறது.

கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். செல்போனில் எடுத்த மூன்று படங்களைப் போட்டிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை வேலியைச் சுத்தம் செய்ய ஆள் வருகிறார். போன வருடம் இதே வேலியில் களைக்கொல்லி அடித்து, கொடி அடியோடு கருகிப்போனது. கிழங்கு தப்பியதால்தான் மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தேனீ எது என்று தெரிந்தால் வீட்டில் எடுத்துச் சொல்லுவேன்.

கோத்தகிரி தேன்பெட்டி

வணக்கம்மா. வயிற்றின் அடியில் தாது சேர்ப்பது இலைவெட்டித் தேனீயின் பழக்கம். உங்கள் ரோஜா இலையில் வட்டவட்டமாக வெட்டு இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அதுதான். இருபது வருடமாகத் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். தோட்டத்தில் இலைவெட்டி நிறைய வரும்.

பின்கால் பார்ப்பவன்

ஐயா, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வயிற்றைப் பார்த்தால் இலைவெட்டி என்றே தோன்றும். ஆனால் இலைவெட்டிக்குத் தாது ஒட்டும் மயிர் முழுக்க வயிற்றடியில்தான், பின்கால் வெறுமையாக இருக்கும். அக்காவின் இரண்டாவது படத்தில் பின்கால் புசுபுசுவென்று, ஈரமாக மின்னுகிறது. அதோடு, தேய்க்கிறது என்கிறார்களே, அதுதான் பெரிய துப்பு.

அது எடுப்பது தேன் இல்லை, எண்ணெய். சில செடிகள் பூவில் தேனுக்குப் பதிலாகக் கொழுப்பெண்ணெய் வைத்திருக்கின்றன. 1969-இல் ஸ்டெஃபான் ஃபோகல் என்ற தாவரவியலாளர் சொல்லித்தான் உலகத்துக்கே இது தெரியவந்தது. பாகல் வகைகள் பலவற்றின் பூவிதழில் பொடிப்பொடியான எண்ணெய் மயிர்கள் உண்டு. இந்தத் தேனீ வயிற்றடி மயிரால் அந்த எண்ணெயை ஒற்றி எடுத்து, பின்காலால் வழித்து, கால்மயிரில் ஏற்றிக்கொண்டு போகிறது. பூந்தாதோடு குழைத்துக் குஞ்சுகளுக்கு வைப்பதற்குத்தான் இவ்வளவு பாடும். அதன் சொந்தப் பசிக்குத் தேன் வேண்டுமே, அதற்கு வேறு பூக்களுக்குப் போகும்.

என் கணிப்பு: க்டெனோப்ளெக்ட்ரா. இது ஒரு பேரினம், அதாவது நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த குழு. கிரேக்கத்தில் சீப்பு, முள் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். பெண்ணின் பின்காலில், கணுக்கால் தொடங்கும் மூட்டின் உள்பக்கம் ஒரு முள் இருக்கும். பல தேனீக்களுக்கு அது ஊசி மாதிரி. இதற்கு நன்றாக அகன்று, நெருக்கமான பற்களோடு சீப்பாகவே இருக்கும். வயிற்றிலிருந்து எண்ணெயை வழிப்பது அந்தச் சீப்புதான். ஒரு காலத்தில் இதைத் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள், இப்போது நம் அடுக்குத்தேனீயின் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா மூன்றிலும் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எண்ணெய் எடுக்கும் மேக்ரோபிஸ் வேறு வகை, அது தேடிப்போவது லைசிமாக்கியா என்ற செடியின் பூவை. இணையத்தில் 'எண்ணெய்த் தேனீ' என்று தேடினால் அதன் படம்தான் முதலில் வரும், அதோடு ஒப்பிட்டுக் குழம்பிவிடாதீர்கள்.

முன் இறக்கையின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, நரம்புகளுக்கு நடுவே வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அடுக்குத்தேனீக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் 3, இதற்கு 2. இலைவெட்டிக்கும் 2 என்பதால் இறக்கையை மட்டும் நம்ப முடியாது, காலையும் பார்க்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன் அக்கா, பூ எப்போது விரிகிறது? அந்தியில் விரிந்து மணம் வீசினால் பழுபாகல். விடியற்காலையில், பெரிதாக, பளிச்சென்ற மஞ்சளில் விரிந்தால் மொமார்டிகா சஹ்யாத்ரிகாவாக இருக்கலாம். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. 2007-இல்தான் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள்.

பந்தலூர் தேயிலைக்காரி

விடியற்காலைதான் தம்பி. நேற்று அந்தியில் போனேன், மொட்டுகள் மூடியே இருந்தன. இன்று ஐந்தரைக்கு டார்ச்சோடு போனபோது எல்லாம் விரிந்திருந்தன. உள்ளங்கையில் வைத்தால் பாதியை மறைக்கிறது, அவ்வளவு பெரிய பூ.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பூவில் தேனீ அசையாமல் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் ஒரு நண்டுச் சிலந்தி அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டு இதழோடு இதழாக ஒட்டிக் கிடக்கிறது. சிலந்தி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கீழே விழுந்த தேனீயைத் தீப்பெட்டியில் எடுத்து வந்தேன். மகள் கல்லூரிக்கு வாங்கிய 10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். இறக்கையில் கட்டம் 2. பின்காலைக் குண்டூசியால் மெதுவாகத் திருப்பினேன். முள் சீப்பு மாதிரியேதான் இருக்கிறது தம்பி! சின்னக் குழந்தைக்குப் பேன் எடுப்போமே, அந்த ஈர்கொல்லிச் சீப்பின் ஒரு துண்டு மாதிரி, பற்கள் அவ்வளவு நெருக்கம். மாமியாருக்கும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கோத்தகிரி தேன்பெட்டி

சீப்பைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் நான் சொன்னது தவறுதான். இருபது வருடத்தில் ஒரு தேனீயின் பின்கால் முள்ளை நான் பார்த்ததில்லை. எங்கள் ஓடையோரத்திலும் ஒரு பாகல்கொடி கிடக்கிறது, நாளைக் காலை போகிறேன்.

பின்கால் பார்ப்பவன்

அப்படியானால் பேரினம் உறுதி அக்கா. எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல நான் தயாரில்லை. முகம், மயிரின் நிறம், வயிற்றுத் தகடுகள் எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். இடம், தேதி, நேரம், எந்தப் பூ என்று ஒரு சீட்டில் எழுதி அதே தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். எறும்பு ஏறாத இடமாக இருக்கட்டும்.

வேலி விஷயம்: இந்தத் தேனீ கூடு கட்டுவது பட்ட மரத்தில் வண்டு குடைந்துவிட்டுப் போன பழைய துளைகளில். கொடியை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் காய்ந்த மரத்தை விறகுக்கு வெட்டினால் குஞ்சுகள் போய்விடும். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு என்பதால், காய்க்காத கொடி வீண் என்று பிடுங்கவும் விட்டுவிடாதீர்கள்.

பந்தலூர் தேயிலைக்காரி

சீட்டு எழுதிப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடம் பேசியாயிற்று. சில்வர் ஓக்கிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை வேலியில் கத்தி படாது, மருந்தும் அடிக்க மாட்டார்கள். தொட்டிக்குப் பின்னால் ஒரு பட்ட பலாமரம் நிற்கிறது, அதில் பென்சில் கனத்தில் நிறையத் துளைகள். நாளை மழை விட்டால் அதன் முன்னால்தான் உட்காரப் போகிறேன்.