சார்ல்ஸ் மோரிஸுக்கு இரண்டு படி உயர்வு: சரியா, தவறா?

நங்கூரம்: 1812 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்கக் கடற்படையின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பல் பிரிட்டிஷ் 'கெரியர்' கப்பலை வீழ்த்தியபோது, கேப்டன் ஐசக் ஹல்லுக்கு அடுத்த அதிகாரியான முதல் லெப்டினன்ட் மோரிஸ். வயது 28. முட்டிக்கொண்ட கப்பல்களைச் சேர்த்துக் கட்டப் போய் உடலில் குண்டு பாய்ந்து விழுந்தார். கடற்படைச் செயலர் பால் ஹாமில்டன் அவரை நேரே கேப்டனாக்கினார். நடுவிலிருந்த மாஸ்டர் கமாண்டன்ட் படி தாண்டப்பட்டது. ஒரு படி உயர்வே போதும் என்பது என் கட்சி.

பாய்மரம்: முன்மாதிரி இருக்கிறதே. 1804 பிப்ரவரி 16 இரவு திரிப்போலி துறைமுகத்தில், எதிரி பிடித்துவைத்திருந்த அமெரிக்கக் கப்பல் 'பிலடெல்பியா'வை எரித்த அமெரிக்க அதிகாரி ஸ்டீபன் டெகேட்டரும் லெப்டினன்டிலிருந்து நேரே கேப்டன் ஆனவர்தான். அப்போது அவருக்கு 25 வயது.

நங்கூரம்: அது பொருந்தாது. 1801 சட்டம் படையைச் சுருக்கியபோது மாஸ்டர் கமாண்டன்ட் பதவியே போய்விட்டது. அந்த பிப்ரவரியில் தாண்டுவதற்கு நடுப்படி இல்லை. மேலும் டெகேட்டர் தானே தலைமை தாங்கினார். மோரிஸ் இன்னொருவர் தலைமையில் போரிட்டார். அப்படியிருந்தும் டெகேட்டர் தன்னைத் தாண்டியதில் மூத்த லெப்டினன்ட் ஆண்ட்ரூ ஸ்டெரெட் மனம் பொறுக்காமல் 1805-ல் விலகினார்.

பாய்மரம்: அன்று பதவி உயர்வுக்குத் தேர்வு எதுவும் கிடையாது. கேப்டனின் கடிதமும் செய்த வேலையும்தான் அளவுகோல். 1812 ஜூலையில் நியூ ஜெர்சிக்கு அப்பால் காற்றே இல்லாமல் 'கான்ஸ்டிடியூஷன்' பிரிட்டிஷ் அணியிடம் மாட்டவிருந்தது. சிறு நங்கூரத்தைப் படகில் முன்னே கொண்டுபோய்ப் போட்டு, வடத்தைச் சுற்றி இழுத்துக் கப்பலை நகர்த்தலாம் என்று சொன்னவர் மோரிஸ். இருக்கிற கயிறுகளையெல்லாம் முடிந்து நீளமாக்கி, ஒரு நங்கூரத்தை இழுக்கும்போதே அடுத்ததை முன்னால் அனுப்பினார்கள். கப்பல் தப்பியது. இந்த மூளைக்கு ஒரே படியா?

நங்கூரம்: திறமையை மறுக்கவில்லை, அளவைத்தான் கேட்கிறேன். பிரிட்டிஷ் கப்பல்களை வென்ற மற்ற போர்களைப் பாருங்கள்: 'மாசிடோனியன்' போரில் டெகேட்டரின் முதல் லெப்டினன்ட் வில்லியம் ஹென்றி ஆலன், 'ஜாவா' போரில் பெயின்பிரிட்ஜின் முதல் லெப்டினன்ட் ஜார்ஜ் பார்க்கர். இருவருக்கும் ஒரு படிதான். அதே வேலை, அதே வெற்றி.

இன்னொன்று: அன்று ஓய்வு வயது கிடையாது. 1862 வரை கேப்டனுக்கு மேல் பதவியும் கிடையாது. யாராவது இறந்தால், விலகினால், அல்லது படை பெருத்தால்தான் பதவி மூப்புப் பட்டியல் நகரும். மோரிஸ் ஒருவர் தாண்டினால், தாண்டப்பட்டவர்கள் ஆயுள் முழுக்க அவருக்குக் கீழே. இரு கப்பல்கள் சேர்ந்து இயங்கும்போது எவர் கமிஷன் (பதவி நியமனப் பத்திரம்) தேதி முந்தியதோ அவர் உத்தரவுதான் செல்லும். தாண்டப்பட்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லாரன்ஸ் 1802-ல் லெப்டினன்ட், 1810-ல் மாஸ்டர் கமாண்டன்ட். மோரிஸ் லெப்டினன்ட் ஆனதே 1807-ல். லாரன்ஸ் செயலரிடமும் செனட்டிடமும் முறையிட்டதில் என்ன தவறு?

சுக்கான்: முடிவையும் பாருங்கள். லாரன்ஸின் கேப்டன் கமிஷன் தேதி 1813 மார்ச் 4, மோரிஸுடையது மார்ச் 5. ஒரே நாள் வித்தியாசம், ஆனால் லாரன்ஸ்தான் மூத்தவர்.

பாய்மரம்: அப்படியானால் குறை தீர்ந்ததே. அதோடு பிப்ரவரி 24 அன்று 'ஹார்னெட்' கப்பலில் இருந்து பிரிட்டிஷ் 'பீகாக்'கை மூழ்கடித்தவர் லாரன்ஸ். அந்த வெற்றிக்கும் சேர்த்த கௌரவம் அது.

நங்கூரம்: இல்லை. 'ஹார்னெட்' அமெரிக்கா திரும்பியதே மார்ச் பிற்பகுதியில். மார்ச் 4 அன்று 'பீகாக்' செய்தி வாஷிங்டனுக்கு எட்டியிருக்க வழியில்லை. முறையீட்டுக்குப் பிறகு வந்த தேதி அது. மோரிஸுக்குக் கீழே தங்கிவிட்ட மற்ற மாஸ்டர் கமாண்டன்ட்களுக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.