நெல் விலைச் சரிவுக்குப் பொறுப்பு முதலாளித்துவமா, கோர்ப்பரேட்டிசமா?

உன்னிச்சை விவசாயி:
நெல் விலை சரியும்போதெல்லாம் "இதுதான் முதலாளித்துவம்" என்று சொல்லி விடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியார் உடைமை, இலாப நோக்கு, எவரும் உள்ளே வந்து போட்டியிடக்கூடிய சந்தை ஆகியவையே முதலாளித்துவம். எங்கள் மட்டக்களப்பு வட்டையில், அதாவது வயல்வெளியில், நடப்பது வேறு. வெட்டுமெசின் வயலை விட்டு இறங்குமுன் லொறி வந்து நிற்கிறது. ஈரநெல் என்று கூறி மூட்டைக்கு எத்தனை கிலோ கழிப்பது என்பதை வாங்குபவரே தீர்மானிக்கிறார். நெல்லைக் காயவைக்க வீதியைத் தவிர வேறு இடமில்லாதவர் தலையாட்டுகிறார். அந்த லொறிக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆலைக்குக் களஞ்சியமும் வங்கிக் கடனும் அதிகாரத்தில் இருப்போரின் செவியும் கிடைக்கின்றன, ஊரிலுள்ள சிறிய ஆலைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அரசின் கையைப் பிடித்துச் சிலர் மட்டும் வளரும் இந்த ஏற்பாடுதான் கோர்ப்பரேட்டிசம்.

சம்மாந்துறைக் கணக்காளர்:
அண்ணன், அரசின் துணையில்லாத தூய முதலாளித்துவம் எந்தக் காலத்தில் இருந்தது? மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்குகளை விற்று மூலதனம் திரட்டிய ஒரு வணிக நிறுவனம். 1602 இல் அது தொடங்கும்போதே ஆசிய வணிகத்தில் 21 ஆண்டு ஏகபோகத்தையும், கோட்டை கட்டவும் போர் தொடுக்கவும் உடன்படிக்கை செய்யவும் அதிகாரத்தையும் தன் நாட்டு அரசிடமிருந்து பெற்றுக்கொண்டது. நீங்கள் நோயென்று சொல்வது பிறவிக் குணம்.

வந்தாறுமூலை மாணவர்:
இருவரும் கோர்ப்பரேட்டிசத்தைக் கம்பெனிகளின் ஆட்சியாகக் கொள்கிறீர்கள். அண்ணன் விவரித்ததைச் சலுகைசார் முதலாளித்துவம் என்பதே பொருந்தும். அரசறிவியல் கூறும் கோர்ப்பரேட்டிசத்தில் தொழில்தருநரும் தொழிலாளரும் துறைவாரியாக அமைப்புகளாகி, அரசின் அங்கீகாரத்துடன் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுப்பார்கள். முசோலினியின் இத்தாலி 1926 இல் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்து, 1927 இல் தொழில் சாசனத்தை வெளியிட்டு, 1934 இல் 22 துறைக் கூட்டவைகளை அமைத்தது, அங்கே அமர்ந்த தொழிலாளர் பிரதிநிதிகள் முசோலினியின் பாசிசக் கட்சியின் ஆட்கள். சுவீடனில் 1938 இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தொழில்தருநர் சங்கமும் தாமாகவே உடன்படிக்கை செய்தன, அங்கே ஜனநாயகம் நிலைத்தது. நம் நாட்டில் 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த, துறைவாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபைகளிலும் இந்தச் சாயல் உண்டு.

நம் மாவட்டத்தில் இதற்கு அருகில் வருவது பெரும்போகம் என்னும் மாரிகால நெற்செய்கைக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டம். மாவட்டச் செயலாளரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் பதிவுபெற்ற விவசாய அமைப்புகளின் பிரதிநிதிகளும் கூடி, குளத்து நீரை எப்போது திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். அத்தீர்மானம் கூட்டத்துக்கு வராதவரையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்த மேசையில் தண்ணீர் தீர்மானமாகிறதே தவிர விலை தீர்மானமாவதில்லை. ஆலைக்காரர் அங்கே இருப்பதுமில்லை.

உன்னிச்சை விவசாயி:
தம்பி சொல்லும் வரலாற்றை ஏற்றாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை, ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லையே உத்தரவாத விலைக்குக் கேட்கிறது, அந்த அளவுக்குக் காயவைக்க வசதியுள்ளவர் எங்களில் எத்தனை பேர்? அரிசி இறக்குமதியின் கதவும் அரசிடம்தான். அது அறுவடைக்கு முன் திறக்கிறதா, பின் திறக்கிறதா என்பதிலேயே ஒரு போகத்தின் இலாபம் முழுவதும் இடம் மாறிவிடும். இதைச் சந்தை என்று எப்படி அழைப்பது?

சம்மாந்துறைக் கணக்காளர்:
சபையும் இறக்குமதி அனுமதியும் நாளையே ஒழிந்தன என்று வைத்துக்கொள்வோம். பசளைக் கடனுக்கு நகையை அடகு வைத்தவர் ஈரநெல்லை அன்றைக்கே விற்கத்தான் வேண்டும். ஆலைக்காரரோ மூன்று மாதம் காத்திருப்பார். கூலி பற்றி எழுதியபோது பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776 இலேயே இதைக் கண்டார்: எசமானர் கையிருப்பைக் கொண்டு ஓரிரு ஆண்டு தாக்குப்பிடிப்பார், தொழிலாளரில் பலரால் ஒரு வாரமும் முடியாது. காத்திருக்கக்கூடியவரே விலை சொல்கிறார், அதற்கு அமைச்சரின் தயவு தேவையில்லை. அந்த இலாபத்தில் அடுத்த ஆலையும் அவருக்கே வரும். தயவைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

உன்னிச்சை விவசாயி:
அப்படியானால் எனக்கும் காத்திருக்க வழி தரட்டும், காக்கா. வட்டைக்கு ஒரு உலர்களமும் களஞ்சியமும், அதில் வைத்த நெல்லை ஈடாக ஏற்கும் கடனும் இருந்தால் நானும் சித்திரை வரை விற்க மாட்டேன். அன்று இதே சந்தை எனக்கும் வேலை செய்யும். களஞ்சியத்து நெல்லுக்கு ஆலைக்குக் கிடைக்கும் கடன் எனக்குக் கிடைக்காததை நான் போட்டி என்று ஏற்க மாட்டேன்.

சம்மாந்துறைக் கணக்காளர்:
வங்கி ஈட்டைப் பார்த்துத்தான் கடன் தரும், அண்ணன். ஆலைக்காரரிடம் ஈடு இருக்கிறது. இதில் சலுகை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், உங்கள் பக்கம் வருகிறேன்.