15,000 டாலர் பேய்ப்படம்: வீடு யார் கணக்கில்?

டப்பிங் தாஸ் (சனி, இரவு 9.12)

போன ஞாயிறு பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் நம் சினிமாக் கூட்டம் டீ குடிக்கக் கூடியபோது ஒரு தம்பி எழுந்து நின்று சொன்னார்: "'பாராநார்மல் ஆக்டிவிட்டி' 15,000 டாலரில் எடுத்த படம். வசூல் 19 கோடி டாலருக்கு மேல். படம் எடுக்கக் காசு வேண்டாம், தைரியம் போதும்." எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் டீ இருந்தது ஒரு காரணம்.

பார்க்காதவர்களுக்குக் கதை: சான் டியேகோவில் ஒரு ஜோடி. சின்ன வயதிலிருந்தே கேட்டியை ஏதோ ஒன்று விடாமல் தொடர்கிறது. கூட வாழும் மைக்கா படுக்கையறையில் ஸ்டாண்டு போட்டு கேமரா வைக்கிறான். ராத்திரியில் கதவு தானாக ஆடுகிறது, விளக்கு எரிந்து அணைகிறது, கடைசியில் அது அவளுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. நல்ல படம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். படம் முழுக்க ஒரே வீடு. அது டைரக்டர் ஓரென் பெலியின் சொந்த வீடு. ஷூட்டிங்குக்கு முன்னால் ஒரு வருடம் அதற்குப் பெயின்ட் அடித்து, மேசை நாற்காலி வாங்கி, கம்பளம் விரித்து, மாடிப்படி வேலைகூடச் செய்திருக்கிறார். அந்த 15,000-க்குள் வீடு எங்கே?

குறும்பட குமரன் (9.31)

அந்தத் "தம்பி" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், அண்ணே.

பெலி சினிமாக்காரரே இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராமர். எலக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் என்னைப் போல ஒருவர். கேமரா அவரே, எடிட்டிங் அவரே. 7 நாளில் எடுத்தார். நடித்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு 500 டாலர். வசனம் எழுதிக் கொடுக்காமல், சூழ்நிலையைச் சொல்லி அவர்களையே பேச விட்டார். அது 2006. அப்போது டாலர் 45 ரூபாய் சுற்றி இருந்தது. 15,000 டாலர் என்றால் 6,75,000 ரூபாய். இங்கே ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிற காசு.

வீடு ஏற்கெனவே அவரிடம் இருந்தது. இருப்பதை எதற்குச் செலவில் எழுத வேண்டும்? என் அம்மா ஷூட்டிங்குக்குச் சமைத்துப் போட்ட சாம்பார் சாதத்தையும் பட்ஜெட்டில் எழுதட்டுமா?

டப்பிங் தாஸ் (9.34)

எழுத வேண்டும். அரிசி வானத்திலிருந்து விழவில்லை.

விவேக்நகர் ஜெசி (9.50)

இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் கூடியது "குறைந்த செலவில் பேயோட்டும் படங்கள்" பற்றிப் பேச. இந்தப் படத்தில் பேயோட்டுகிறவர் வரவே இல்லையே! முதலில் வரும் ஆவி நிபுணர், "நான் பார்ப்பது செத்த மனிதர்களின் ஆவிகளை. இது மனிதனாகப் பிறந்ததே இல்லை, வேறு ஆளைக் கூப்பிடுங்கள்" என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வேறு ஆள் ஊரிலேயே இல்லை. பேயோட்டல் என்று பார்த்தால், மைக்கா இணையத்தில் தேடிப் பிடிக்கிற இன்னொரு பெண்ணின் கதை மட்டும்தான் இருக்கிறது.

ஆக முதலில் கேட்க வேண்டியது, பேய் என்றால் என்ன, பிசாசு என்றால் என்ன, பேயோட்டும் படம் என்று எதைச் சொல்வது என்பது.

டப்பிங் தாஸ் (9.53)

ஜெசி, நல்ல கேள்வி, அதற்குப் பிறகு வருவோம். குமரன், வீடு?

ஒயிட்ஃபீல்டு வாசி (10.05)

எனக்கு எக்செல் பிடிக்கும், அதனால் நானே போட்டுப் பார்த்துவிட்டேன். பெங்களூரில் இரண்டு படுக்கையறை வீடு மாதம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். 7 நாள் ஷூட்டிங்குக்கு 9,333 ரூபாய். பெலியின் வீட்டைக் கணக்கில் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. இரண்டு பேரும் சமாதானமாகப் போகலாமே.

டப்பிங் தாஸ் (10.11)

சமாதானமா? ஒரு வருடம் அந்த வீட்டில் வேலை நடந்திருக்கிறது, நீங்கள் 7 நாளுக்கு வாடகை போடுகிறீர்கள். 12 மாதத்துக்கு 4,80,000. நம் ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 4,00,000. மொத்தம் 8,80,000. படத்தையே 6,75,000-ல் முடித்தார் என்று குமரன் சொல்கிறார். அதாவது வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே குமரனின் பேய் இரண்டு லட்சம் கடனில் நிற்கிறது.

ஒயிட்ஃபீல்டு வாசி (10.13)

அட்வான்ஸ் திரும்ப வருமே, சார்.

டப்பிங் தாஸ் (10.14)

பெங்களூரில்? பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டது போகவா? ஊருக்குப் புதிதா நீங்கள்?

கே.ஜி.எஃப் பாபு (10.20)

எங்கள் கோலார் தங்கவயலுக்கு வாருங்கள் குரு. 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து பழைய குவார்ட்டர்ஸ் எத்தனை பாழாகக் கிடக்கின்றன! ராத்திரி நின்றால் பேய் தானாக வரும், கிராஃபிக்ஸ் வேண்டாம். வாடகை பூஜ்யம். குமரன் பக்கம்தான் நியாயம், வீடு செலவே இல்லை.

டப்பிங் தாஸ் (10.22)

நாம் கணக்குப் போடுவது பெங்களூரில் படம் எடுக்க. கே.ஜி.எஃப் எப்போது பெங்களூர் ஆனது?

கே.ஜி.எஃப் பாபு (10.24)

விடியுமுன் எங்கள் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி வந்து உங்கள் ஊர் வேலையை முடித்துவிட்டு ராத்திரி திரும்புகிறவர்களிடம் இதைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு வயரிங் போட்டவர் எந்த ஊர் என்று விசாரித்துப் பாருங்கள்.

டப்பிங் தாஸ் (10.26)

வயரிங்கைப் பற்றி வேறு பேசுகிறார். அந்த வயரிங் சரியாக இருந்தால் நான் ஏன் ராத்திரி பத்தரைக்கு யூபிஎஸ் வெளிச்சத்தில் டைப் செய்கிறேன்?

குறும்பட குமரன் (10.40)

அண்ணனுக்கு உண்மையான கோபம் எதில் என்று எனக்குத் தெரியும். போன வருடம் என் 11 நிமிடக் குறும்படத்தை இதே கூட்டத்தில் போட்டபோது "பேய் வருகிற இடத்தில் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கிறது" என்றார். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து காசில்லாமல் யார் படம் எடுத்தாலும் அவருக்குப் பிடிப்பதில்லை.

டப்பிங் தாஸ் (10.44)

மாதிரி இல்லை தம்பி, மிக்ஸியேதான் ஓடியது. பிடிஎம் லேஅவுட்டில் பக்கத்து வீட்டம்மா ராத்திரி சட்னி அரைத்ததை உன் மைக் அப்படியே பிடித்திருந்தது. அதை எடுத்துவிட நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அந்த இரண்டு ராத்திரிக்குக் காசும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. உன் பட்ஜெட்டில் என்னை எங்கே எழுதினாய்? "இருப்பதைச் செலவில் எழுத வேண்டாம்" என்கிற பட்டியலில் நானும் இருக்கிறேன் போல.

இருபத்திரண்டு வருடமாகக் கன்னடம், தமிழ், தெலுங்கு என்று சத்தத்தோடு வாழ்கிறவன் சொல்கிறேன். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யில் பயமுறுத்துவது காட்சி இல்லை, சத்தம். எதுவும் நடக்காத ஃப்ரேமில் ஒரு தாழ்ந்த உறுமல் ஆரம்பிக்கும். உங்கள் காது கண்டுபிடிப்பதற்கு முன் வயிறு கண்டுபிடித்துவிடும். அதைக் கேட்கும்படி கொடுக்கத் தியேட்டர் வேண்டும், சத்தங்களைச் சரியான அளவில் சேர்க்கும் மிக்ஸிங் வேண்டும். பெரிய கம்பெனி கைக்குப் போன பிறகு செய்த வேலைகளையும் சேர்த்தால் 2,15,000 டாலர் என்று கணக்குச் சொல்கிறார்கள். 15,000 எங்கே, 2,15,000 எங்கே?

இன்னொன்று. கடைசியில் மைக்காவின் உடல் கேமரா மேல் வந்து விழுமே, தியேட்டரே அலறியதே, அது பெலி முதலில் எடுத்த படத்தில் இல்லை. அதில் கேட்டி கத்தியோடு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பாள், போலீஸ் வந்து சுடும். ஸ்பீல்பெர்க் யோசனை சொன்ன பிறகுதான் முடிவை மாற்றினார்கள். தம்பி, நீ கை தட்டல் வாங்கியது 15,000 டாலர் படத்துக்கு இல்லை.

குறும்பட குமரன் (10.58)

ஸ்பீல்பெர்க் பார்க்கிற அளவுக்குப் படத்தைக் கொண்டுபோனது எது? அந்த 15,000. 2007-லேயே ஒரு திகில் பட விழாவில் போட்டுவிட்டார்கள். 2009-ல் தியேட்டருக்கு வந்தபோது "எங்கள் ஊரில் போடுங்கள்" என்று ஜனங்கள் இணையத்தில் ஓட்டுப் போட்டுக் கேட்டார்கள், பத்து லட்சம் ஓட்டு. ஆரம்பம் வீட்டுக்குள்தான். உங்கள் மிக்ஸிங் எல்லாம் அப்புறம் வந்த அலங்காரம்.

காசைப் பற்றி: நீங்கள் கேட்கவே இல்லையே, அண்ணே. "பரவாயில்லை, தம்பி படம்" என்றீர்கள். வாட்ஸாப்பில் இருக்கிறது, எடுத்துப் போடட்டுமா?

டப்பிங் தாஸ் (11.00)

அதைப் போடு. கூடவே, அன்று பிரியாணி வாங்கித் தருவதாக நீ எழுதியதையும் சேர்த்துப் போடு.

விவேக்நகர் ஜெசி (11.09)

பிரியாணிக்கு வந்துவிட்டோம். நன்று.

பேயோட்டுவதைப் பற்றிப் பேச விருப்பம் உள்ளவர்கள் யாராவது இருந்தால்: 2010-ல் வந்த 'தி லாஸ்ட் எக்ஸார்சிசம்' 18 லட்சம் டாலரில் எடுத்த படம். ஒரு பாதிரியார், நம்பிக்கை போனவர், பேயோட்டுவது எல்லாம் ஏமாற்று என்று காட்ட கேமராக் குழுவோடு லூசியானாவில் ஒரு பண்ணை வீட்டுக்குப் போகிறார். அங்கே பேய் பிடித்த பெண்ணாக நடித்த ஆஷ்லி பெல் முதுகைப் பின்னால் வளைப்பதெல்லாம் அவர் உடம்பே செய்தது, கம்ப்யூட்டர் இல்லை. இதுதான் நாம் பேச வேண்டிய படம்.

சடங்கு பற்றியும் ஒரு வார்த்தை. சினிமாவில் வருவது போல எந்தப் பாதிரியாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. கத்தோலிக்கத்தில் ஆயர் அனுமதி வேண்டும். 1614-ல் வந்த சடங்கு நூலை 1999-ல் திருத்தினார்கள், முதலில் இது மனநோய் இல்லையா என்று பார்க்கச் சொல்கிறது. வியாழக்கிழமை எங்கள் குழந்தை இயேசு கோவில் கூட்டத்தில் நிற்கும்போது சில அம்மாக்கள் பெண்ணைக் கையோடு பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு டாக்டர் தேவையா, ஜெபம் தேவையா என்று இந்தப் படங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

ஒயிட்ஃபீல்டு வாசி (11.12)

பண்ணை வீடு வாடகையா, சொந்தமா? எக்செல்லில் சேர்க்கத்தான் கேட்கிறேன்.

விவேக்நகர் ஜெசி (11.13)

கடவுளே.

மல்லேஸ்வரம் மாமா (11.20)

உங்களுக்கெல்லாம் அமெரிக்காதான். 1980-ல் 'கெஹ்ராயி' என்று ஒரு இந்திப் படம். பெங்களூர்க் குடும்பம். அப்பா ஸ்ரீராம் லாகூ, மகன் அனந்த் நாக், பேய் பிடித்த பெண்ணாகப் பத்மினி கோலாப்பூரே, மந்திரவாதியாக அம்ரிஷ் புரி. பேயோட்டல் என்றால் அதைப் பாருங்கள். மந்திரவாதியை நம்பலாமா கூடாதா என்று கடைசிவரை நம்மைத் தவிக்க விடும். பேயைவிட அந்த ஆள் பயம்.

டப்பிங் தாஸ் (11.23)

மாமா, நல்ல படம், நானும் பார்த்தேன். ஆனால் அவர்கள் யாரும் "சும்மா எடுத்தோம்" என்று சொல்லிக்கொள்ளவில்லை. என் கேள்வி அதுதான். வீடு கணக்கில் வருமா, வராதா? இரண்டு மணி நேரமாகக் கேட்கிறேன்.

கே.ஜி.எஃப் பாபு (11.30)

செலவில்லாத பேயோட்டல் எதற்கு அமெரிக்காவில் தேடுகிறீர்கள்? தொண்ணூறுகளில் இதே பெங்களூரில் ராத்திரி கதவைத் தட்டும் பேய்க்குப் பயந்து வாசலில் "நாளெ பா" என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்களே. நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் வரும், படிக்கும், திரும்பிப் போகும், மறுநாளும் அதையே படிக்கும். மொத்தச் செலவு ஒரு சாக்பீஸ். எங்கள் சித்தி ஸ்ரீராம்புரத்தில் எழுதி வைத்திருந்தார், எனக்கே நினைவிருக்கிறது.

டப்பிங் தாஸ் (11.32)

சாக்பீஸ் சரி. கதவு யாருடையது?

குறும்பட குமரன் (11.33)

அண்ணே, உங்களோடு பேச முடியாது. நான் கிளம்புகிறேன்.

ஆர்.டி. நகர் ராஜம் (11.36)

நான் இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் காசு பிடிப்பதைப் பற்றி ஒருவர் கிண்டலாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு மாடியில் ஒரு போர்ஷன் இருக்கிறது. போன தடவை இருந்த பையன்கள் சுவரில் முப்பது ஆணி அடித்திருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன். பாத்ரூம் கதவில் ஓட்டை. அதற்கு நாங்கள் ஒரு மாதம் பிடிக்காமல் என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள், தாஸ் சார்.

டப்பிங் தாஸ் (11.40)

அம்மா, உங்களைச் சொல்லவில்லை. நான் இருந்த வீட்டில் ஒரு ஆணிகூட நான் அடிக்கவில்லை, பழைய ஆணியில்தான் காலண்டர் மாட்டியிருந்தேன். அதற்கும் பிடித்தார்கள். பதினாலு வருடம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆர்.டி. நகர் ராஜம் (11.42)

காலண்டர் எடுத்தால் சுவரில் சதுரமாக வெள்ளை விழுமே, அது?

குறும்பட குமரன் (11.44)

ஆன்ட்டி, அந்த மாடிப் போர்ஷன் இப்போது காலியாக இருக்கிறதா? 7 நாள் மட்டும் போதும். சின்னப் பேய்ப்படம்.

டப்பிங் தாஸ் (11.44)

கிளம்பினவர் வந்துவிட்டார்.

ஆர்.டி. நகர் ராஜம் (11.47)

வெஜ்ஜா?

குறும்பட குமரன் (11.48)

பேயா, நாங்களா? எல்லோரும் வெஜ்தான், ஆன்ட்டி. ரத்தமே கிடையாது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யில் வருகிற மாதிரி தரையில் டால்கம் பவுடர் தூவி அதில் கால்தடம் காட்டுவோம். அவ்வளவுதான்.

ஆர்.டி. நகர் ராஜம் (11.50)

பவுடரை யார் கூட்டுவது?

டப்பிங் தாஸ் (11.51)

பாருங்கள். கூட்டுகிற ஆளும் 15,000-ல் இல்லை.

குறும்பட குமரன் (11.52)

நானே கூட்டுவேன்!

டப்பிங் தாஸ் (11.52)

உன் கூலியை எதில் எழுதுவாய்?