பிள்ளையின் டிபன் பாக்ஸில் ஃப்ரோசன் பரோட்டா: விஷமா, வெறும் பயமா?

நாகர்கோவில் நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வாரத்தில் மூன்று நாள் நைட் டூட்டி. காலை ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் எட்டேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். அந்த முக்கால் மணி நேரத்தில் ஃப்ரோசன் பரோட்டா இரண்டைக் கல்லில் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுத்துவிடுவேன். சில நாள் சிக்கன் நக்கெட்ஸ். நேற்று ஊரிலிருந்து வந்த அம்மா ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆறு மாசம் கெடாம இருக்குன்னா அதுல என்ன மருந்து போட்டிருப்பான்? பிள்ளைக்கு விஷத்தையா குடுக்க?" என்று அழுதுவிட்டாள். நக்கெட்ஸ் கவரைத் திருப்பிப் பார்த்தேன். 451, 412, 627, 631 என்று எண்களாக இருக்கின்றன. தினமும் மருந்துப் பெயர்களோடு வேலை பார்க்கிற எனக்கே ஒன்றும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவட்டாறு டீச்சர்:
உன் அம்மா அழுததில் நியாயம் இருக்கிறது மக்களே. 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மதிய மணி அடித்ததும் திறக்கிற டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முதலில் புட்டும் பயிறும், மரச்சீனிக் கிழங்கும் மீனும், பலாச்சக்கைக் காலத்தில் சக்கை அவியலும் வந்தன. அப்புறம் பிஸ்கட் வந்தது, நூடுல்ஸ் வந்தது, கடைசி வருஷங்களில் இந்தப் பொரித்த துண்டுகள். பொருளின் பெயரைச் சொல்லாமல் எண்ணைப் போட்டு வைப்பது மறைக்கத்தானே? சொல்லிக் கொடுக்கக் கூசுகிற ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

குளிர்பெட்டி:
டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதில் எனக்கு மாற்றுக் கருத்து. நான் குளச்சல்காரன். மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் 11 வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன்.

முதலில் அம்மாவின் கேள்வி. ஆறு மாதம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் மருந்து இல்லை, குளிர். மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது. சாகாது, சும்மா கிடக்கும். நம் வீட்டில் நெத்தோலிக் கருவாடு மாதக்கணக்கில் இருக்கிறதே, அங்கே வெயிலும் உப்பும் செய்கிற வேலையை இங்கே குளிர் செய்கிறது. என் ஃப்ரீசரில் இருக்கிற பரோட்டா கவரை எடுத்துப் பார்த்தேன்: மைதா, தண்ணீர், பாமாயில், சர்க்கரை, உப்பு. கெடாமல் வைக்கும் ரசாயனம் என்று அதில் ஒன்றுமே இல்லை. ஃப்ரீசருக்கு வெளியே அலமாரியில் நாள்கணக்கில் நிற்கிற பிரெட்டில்தான் கால்சியம் புரோப்பியனேட் (282) இருக்கும். பிரெட்டைக் கண்டு எந்தப் பாட்டியும் அழுவதில்லை.

அடுத்து எண்கள். ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கிற பொருள்களுக்கு உலகம் முழுக்கப் பொதுவான எண் வரிசை. எந்த மொழிக்காரரும் ஒரே பொருளை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக வந்தது. 300 என்றால் வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம். 412 கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பிசின், மாவு பிரியாமல் பிடித்துக்கொள்ள. 627, 631 இரண்டும் சுவை கூட்டிகள். 631ஐப் பன்றிக் கொழுப்பு என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். நம் மரச்சீனி மாவை நொதிக்க வைத்தே அதைத் தயாரிக்க முடியும். சைவப் பொருளில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 451 பாஸ்பேட், கறியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

நான் கவரில் பார்ப்பது எண்களை அல்ல, அதற்குப் பக்கத்தில் இருக்கிற சத்துக் கணக்குக் கட்டத்தை. என் பரோட்டா கவரில் 100 கிராமுக்கு சோடியம் 450 மில்லிகிராம், நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம் என்று போட்டிருக்கிறது. இரண்டு பரோட்டா 140 கிராம் வரும். அப்படியானால் சோடியம் 630 மில்லிகிராம், நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளுக்கு சோடியம் 2,000 மில்லிகிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம் என்ற கணக்கில்தான் நம் நாட்டு லேபிள் சதவீதம் போடுகிறது. காலை எட்டு மணிக்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிள்ளைக்கு அளவு அதைவிடக் குறைவு. கட்டத்தில் "ஒரு பரிமாறலுக்கு" என்று சின்ன எண் கண்ணில் படும், அது ஒரே ஒரு பரோட்டாவுக்கு இருக்கலாம். 100 கிராம் வரியைப் பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

நக்கெட்ஸில் கோழிக்கறி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. இரண்டாவதாக மாவும் எண்ணெயும் வந்தால் நீங்கள் வாங்கியது பாதி கோழி, பாதி பஜ்ஜி.

தோவாளைப்பூ:
மைதாவை வெளுக்க அலாக்சன் போடுகிறார்கள், அதனால் சர்க்கரை நோய் வரும் என்று கேரளத்தில் நோட்டீஸே ஒட்டினார்களே அண்ணாச்சி? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

குளிர்பெட்டி:
அலாக்சனை மைதாவில் யாரும் சேர்ப்பதில்லை. அது ஆய்வகத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்க ஊசியில் ஏற்றுகிற பொருள். நிஜமாகவே கவலைப்பட வேண்டியதாக இருந்தது, பிரெட் மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட். அதை 2016இல் இந்தியாவில் தடை செய்தார்கள். இதயத்துக்குக் கெடுதியான டிரான்ஸ் கொழுப்பும் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தங்கச்சி. பயத்தைச் சரியான இடத்தில் வைக்கச் சொல்கிறேன். சாசேஜ், சலாமி என்றால் நானும் டீச்சர் பக்கம்தான். அவற்றில் 250, அதாவது சோடியம் நைட்ரைட் இருக்கும். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது.

திருவட்டாறு டீச்சர்:
சரி, விஷம் என்ற சொல்லுக்கு நியாயம் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எண்களைப் பற்றி இன்றுதான் கற்றுக்கொண்டேன். ஆனால் தம்பி, உங்கள் கணக்கிலேயே மிஞ்சுவது என்ன? மைதாவும் பாமாயிலும் உப்பும். நார்ச்சத்தைச் சலித்து வெளியே போட்ட மாவு. பத்தரை மணிக்கே பிள்ளைக்குப் பசிக்கும், வகுப்பில் நான் கண்ணால் பார்த்தது.

2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஒரு ஆய்வு செய்தது. 20 பேரை ஒரே இடத்தில் தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறியது. உங்கள் கட்டத்தில் எழுதாத ஏதோ ஒன்று அந்த உணவில் இருக்கிறது. கட்டத்தைப் பார்த்தால் போதும் என்று நீங்கள் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லை.

மார்த்தாண்டம் கடைக்காரன்:
இரண்டு பேரும் கம்பெனியிலிருந்து கிளம்புகிற பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது என் கடைக்கு வந்து சேருகிற கதை வேறு. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பகுதியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது. மூன்று ஃப்ரீசர் சரக்கையும் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்கு அப்படிச் செய்யாதவர்களும் இருந்தார்கள். கரண்ட் வந்ததும் திரும்ப உறைய வைத்தால் பார்க்கப் பழையபடிதான் இருக்கும். தூங்கிய கிருமி நடுவில் விழித்துப் பெருகியிருக்கும்.

வாங்கும்போது கவரை அமுக்கிப் பாருங்கள். பட்டாணி, நக்கெட்ஸ் எல்லாம் உதிரி உதிரியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஒரே கட்டியாக இருந்தாலோ, உள்ளே வெள்ளையாகப் பனித்துகள் குவிந்திருந்தாலோ அது ஒரு தடவை உருகிய சரக்கு. பரோட்டா ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் மடங்கிக் கிடந்தால் வேண்டாம். என் கடையில் என்றாலும் திருப்பிக் கொடுங்கள், நான் கோபிக்க மாட்டேன். மற்ற சாமானையெல்லாம் எடுத்த பிறகு கடைசியாக ஃப்ரீசர் பக்கம் வாருங்கள்.

கருங்கல்காரன்:
குளிர்பெட்டி அண்ணன் 451ஐ ஒரே வரியில் கடந்து போய்விட்டார். அந்த ஒரு வரியில்தான் எங்கள் வீடு இருக்கிறது. அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல இறால் கிடைக்காது. அப்பாவுக்கு இறால் என்றால் உயிர். உரித்துச் சுத்தம் செய்த ஃப்ரோசன் இறால் வாங்கி வாரத்தில் மூன்று நாள் வைத்துக் கொடுத்தோம். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறியது. ராத்திரி கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நிற்பார், அப்படி அரிப்பு. டயட்டீசியன் கவரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அதில் 451 சேர்த்திருப்பது தெரிந்தது. மீனிலும் பயிறிலும் இருக்கிற பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடம்பில் சேருமாம், சேர்த்த பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுக்கச் சேர்ந்துவிடுமாம். கவரில் சோடியம் எவ்வளவு என்று போட்டிருந்தது, பாஸ்பரஸ் எவ்வளவு என்று போடவில்லை. எண் மட்டும்தான் இருந்தது. அந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் இரண்டு மாதம் கொடுத்திருக்கிறேன்.

குளிர்பெட்டி:
மன்னிக்கணும் தம்பி. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் எழுதினேன். உரித்த இறாலை உறைய வைப்பதற்கு முன் பாஸ்பேட் கரைசலில் ஊற வைப்போம். நான் தொட்டியருகே நின்று எடை எழுதியிருக்கிறேன். போட்டதைவிட எடுக்கும்போது எடை கூடியிருக்கும். உருகும்போது சாறு வடியாமல் மெத்தென்று இருக்கும் என்பது ஒரு காரணம், தண்ணீரையும் எடையாக விற்கலாம் என்பது இன்னொன்று. சட்டியில் போட்டதும் நிறையத் தண்ணீர் விட்டு, ரப்பர் மாதிரி துள்ளுகிற இறாலைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் 338 முதல் 341 வரை, 450, 451, 452 இந்த எண்களைக் கண்டால் கவரைக் கீழே வைத்துவிடுங்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னது தப்பு.

டீச்சர், அந்த ஆய்வு எனக்கும் தெரியும். அதில் கொடுத்தது விதவிதமான ஆலை உணவு, உறைந்த உணவு மட்டும் இல்லை. உறைந்தது எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பறித்த சூட்டோடு வெந்நீரில் முக்கி உறைய வைத்த பட்டாணியில் பட்டாணி மட்டும்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பட்டாணி விளைவதில்லை. லாரியில் நாள்கணக்கில் வாடி வடசேரி சந்தைக்கு வருகிற பச்சைப் பட்டாணியைவிட அதில் வைட்டமின் சி கூடுதலாகவே இருக்கலாம்.

திருவட்டாறு டீச்சர்:
பட்டாணியை ஒத்துக்கொள்கிறேன். பரோட்டாவை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாகர்கோவில் நர்ஸ்:
டூட்டி முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கருங்கல் அண்ணன் எழுதியதைக் கேட்டு அவள் கண் கலங்கிவிட்டாள், என் அப்பாவும் டயாலிசிஸில் இருந்துதான் போனார்.

ஃப்ரீசரை விட முடியாது, எனக்கு அது வேண்டும். ஆனால் அதில் என்ன வைப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். ஞாயிற்றுக்கிழமை சிறுபயிறை வேகவைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு டப்பா என்று ஆறு டப்பாவில் வைக்கிறோம். புட்டு மாவு வறுத்து இருக்கிறது, தேங்காயையும் திருவி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கால் மணி நேரத்தில் புட்டு தயார். பயிறை உறைய வைத்தால் சத்து போய்விடாதா என்று அம்மா கேட்கிறாள் அண்ணாச்சி.

நக்கெட்ஸ் கவரையும் பார்த்துவிட்டேன். கோழிக்கறி 54 சதவீதம். மகனுக்கு வெள்ளிக்கிழமை பிறந்தநாள். இருக்கிற ஒரு பாக்கெட்டை அன்றைக்குப் பொரித்துக் கொடுப்பேன் டீச்சர், அதற்கு மட்டும் திட்டாதீர்கள்.

குளிர்பெட்டி:
புரதமும் நார்ச்சத்தும் எங்கேயும் போகாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்தே டப்பாவில் ஊற்றுங்கள். ஆறியதும் உடனே ஃப்ரீசருக்குள் போக வேண்டும், ராத்திரி முழுக்க மேடையில் கிடக்கக் கூடாது.

திருவட்டாறு டீச்சர்:
பிறந்தநாளுக்கு யார் திட்டுவார்கள் மக்களே. கூட நாலு மட்டி வாழைப்பழம் வை.